சினைக்குப் போடும் ஹார்மோன் ஊசி மாட்டின் உடம்புக்குப் பழகிப் போகுமா?

கேள்வி – தாராபுரம் விவசாயி

வணக்கம். எங்கள் கட்டுத்தறியில் உள்ள ஜெர்சி கலப்பினப் பசுவுக்கு மூன்றாம் ஈற்றுக்குப் பிறகு சினைப்பையில் நீர்க்கட்டி வந்து, நான்கு மாதங்களில் மூன்று முறை ஹார்மோன் ஊசி போட்டார்கள். முதல் ஊசிக்குப் பருவத்துக்கு வந்தது, சினை நிற்கவில்லை. மூன்றாவது ஊசி போட்ட கால் மணி நேரத்தில் கண்ணிமைகள் வீங்கி, கழுத்தெங்கும் தடிப்பு எழும்பி, எச்சில் ஒழுகியது. வேறு ஊசி போட்ட பிறகே அடங்கியது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் உடம்பு ஏற்காது என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். உண்மைதானா?

பதில் – கால்நடை மருத்துவர், கோபி

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது, ஐயா. சினைக்குப் போடும் ஹார்மோன்களில் ஹெச்சிஜி கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரிலிருந்தும், பிஎம்எஸ்ஜி சினைக் குதிரையின் இரத்தத்திலிருந்தும் எடுக்கப்படுபவை. இரண்டும் பெரிய புரதங்கள் என்பதால், மாட்டின் உடம்பு அவற்றை அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்ப்பொருட்களை உருவாக்கிவிடலாம். அப்படி உருவானால் அடுத்தடுத்த ஊசிகளுக்குப் பலன் குறையும், அரிதாக நீங்கள் கண்டதைப் போன்ற ஒவ்வாமையும் வரும். சினைப்பையைத் தூண்டப் போடும் இன்னொரு ஹார்மோனான ஜிஎன்ஆர்ஹெச் அப்படியல்ல. அது 10 அமினோ அமிலங்களே கொண்ட சிறு கோவை. மாட்டின் மூளையில் சுரப்பதும் அதேதான். அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக வேண்டுமென்றே விரும்பி, காயடிப்புக்கு மாற்றான தடுப்பூசி செய்பவர்கள்கூட, அதை வேறொரு பெரிய புரதத்தோடு பிணைத்துத்தான் போடுகிறார்கள். மாட்டைப் பருவத்துக்கு வரவழைக்கப் போடும் புரோஸ்டாகிளாண்டின் புரதமே அல்ல. அது பலிக்காவிட்டால், பருவச் சுழற்சியில் தவறான நாளில் போட்டிருப்பார்கள் என்றே முதலில் சந்தேகிப்பேன்.

பதில் – காங்கயம் பால் பண்ணையாளர்

புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை மெல்லக் கசியவிடும் சாதனத்தைப் பிறப்புறுப்புக்குள் வைத்திருந்த எங்கள் மாட்டுக்குச் சீழ் போல வடிந்ததும், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நானும் பதறினேன். அது சாதனம் உறுத்தியதால் வந்த கசிவுதான் என்றார் மருத்துவர். எடுத்த சில நாட்களில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து காலிக் குப்பியின் லேபிளை உரித்து, மாட்டுக் கணக்கு நோட்டில் தேதியோடு ஒட்டிவிடுகிறேன்.

கேள்வி கேட்டவர்

தவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் குப்பி கிடைத்தது. மூன்று முறையும் ஹெச்சிஜிதான்.

மருத்துவர்

அப்படியென்றால் அந்தப் பசுவுக்கு இனி அதைப் போட வேண்டாம். யார் ஊசி போட வந்தாலும், நடந்ததைக் குப்பியோடு முதலில் சொல்லுங்கள். நீர்க்கட்டி இன்னும் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்துவிட்டு, ஜிஎன்ஆர்ஹெச் போடலாமா என்று முடிவு செய்யலாம்.