'சிலம்புள கொண்ம்': கண்ணகி சிரித்தது எதற்காக?

புகார்க்காரன்: "கண்ணகி வாயில்லாப் பூச்சி, கணவன் செத்த பிறகுதான் அவளுக்கு நாக்கு முளைத்தது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதையைப் புரட்டியாவது பார்த்தாரா? சோமகுண்டம், சூரியகுண்டத்தில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு இன்புறலாம் என்கிறாள் தோழி தேவந்தி. 'பீடன்று', அது பெருமையில்லை, என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறாள் கண்ணகி. இவளா வாயில்லாதவள்?

வைகைவாசி: எழுதியவன் நான்தான். அடுத்த வரிகளிலேயே கோவலன் வந்து நிற்கிறான். முன்னோர் தேடிய பொருளைத் தொலைத்தது நாணமாக இருக்கிறது என்கிறான். உடனே சிரித்த முகத்தோடு, 'சிலம்புள கொண்ம்', சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள் என்கிறாள்! எங்கே போனது உங்கள் பீடு?

புகார்க்காரன்: அந்தச் சிரிப்பைத்தான் நீங்கள் படிக்கவில்லை. மாதவிக்குக் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாமல் வந்திருக்கிறான் என்று நினைத்துச் சொல்கிறாள். 'மிச்சம் இதுதான், இதையும் கொண்டு போ' என்ற சிரிப்பு அது. அறைந்தால்கூட அவ்வளவு வலிக்காது.

வைகைவாசி: 'நலங்கேழ் முறுவல்', நலம் பொருந்திய புன்சிரிப்பு, என்கிறார் இளங்கோ. அறைகிற சிரிப்புக்கு யாராவது 'நலங்கேழ்' என்று அடை கொடுப்பார்களா?

மாதவியின் தோழி: மாதவியை ஏன் இழுக்கிறீர்கள்? போன மாதமும் புகார்க்காரர் அவளைப் பொருள் பறித்தவள் என்றார். மகளையே துறவுக்கு அனுப்பியவள் அவள். இன்றுவரை அவர் ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

புகார்க்காரன்: அது வேறு வழக்கு, அம்மா. சிரிப்புக்கு வாருங்கள். கொலைக்களக் காதையில் 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்', போற்றத் தகாத நடத்தை உங்களுடையது, என்று கணவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். கோவலன் அப்போது உயிரோடுதான் இருந்தான்! 'தேரா மன்னா' என்று பாண்டியன் அவையில் ஒலித்த குரல் அதுவேதான்.

வைகைவாசி: முழுதாகச் சொல்லுங்கள். உங்கள் சொல்லை மாற்றாத உள்ளம் உடையவள், அதனால் எழுந்து வந்தேன் என்றல்லவா முடிக்கிறாள்? பாதியை விழுங்குவது உங்கள் பழைய வழக்கம்.

கடற்கரை நடையர்: 2001 இல் மெரினாவிலிருந்து அகற்றி 2006 இல் திரும்ப வைத்த சிலையைப் பாருங்கள். கையில் ஒற்றைச் சிலம்பு, முகத்தில் சினம். மக்கள் மனத்தில் நிற்பது அவள்தான். சிரிப்பு யாருக்கு நினைவிருக்கிறது?

புகார்க்காரன்: சிலையைச் செதுக்கியவர் இளங்கோ அல்லர், ஐயா. சினம் யாருக்கும் வரும். கடைசி நகையைச் சிரித்துக்கொண்டே கொடுக்கிற பெண்ணை வேறு எந்தக் காப்பியத்தில் கண்டீர்கள்?

மாதவியின் தோழி: என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

வைகைவாசி: என் 'நலங்கேழ்' கேள்விக்கும்தான்.