கடலைத் தோலில் கண்ட 575

முதுகலை ஆய்வுக்கான வேர்க்கடலைத் தோலை வண்ணாரப்பேட்டையில் மணலில் கடலை வறுக்கும் ஒரு கடையிலிருந்து சேகரித்தேன். முறத்தில் புடைக்கும்போது பறந்து மூலையில் குவியும் அந்தச் செந்தோலை மூன்று பை நிறைய அள்ளிக் கொடுத்த பெரியவர், “இதுல என்னப்பா இருக்கு?” என்று கேட்டார். வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியின் துவர்ப்புதான் ஐயா இதிலும் இருக்கிறது என்றேன். ஒரு சிட்டிகையை மென்று பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

மணலைச் சலித்து நீக்கி, ஹெக்சேனால் எண்ணெயை அகற்றி, 70 விழுக்காடு அசிட்டோன் கலந்த நீரில் ஊறவைத்தேன். வடிகட்டிய செந்நீரில் ஃபெரிக் குளோரைடு ஒரு துளி விட்டதும் துவர்ப்புப் பொருள் இருப்பதைக் காட்டும் அடர்பச்சை படர்ந்தது. செபாடெக்ஸ் எல்எச்-20 என்ற பிரிப்புக் கூழ்மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மூலக்கூறுகளின் நிறையை எண்ணாகக் காட்டும் நிறை நிறமாலைமானியில் எதிர்மின் அயனி முறையில் ஆராய்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

கேட்டச்சின் என்ற மூலக்கூறு அலகுகள் இரண்டு இணைந்த, துவர்ப்புத் தரும் புரோசயனிடின் 577 என்ற எண்ணில் தெரியும் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு, மிகப் பெரிய உச்சம் 575-இல் கிடைத்தது. கருவியின் பிழை என்று எண்ணித் தூய கேட்டச்சினைச் செலுத்திப் பார்த்தேன். அது சரியாக 289 காட்டியது. ஆகவே குறைந்திருந்த இரண்டு, உண்மையிலேயே இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள்தாம். வழக்கமான பி வகைப் புரோசயனிடினில் அலகுகளுக்கிடையே ஒரே பிணைப்பு இருக்க, ஏ வகையில் ஆக்சிஜன் வழியாக இன்னொரு பிணைப்பும் அமைவதால் அவை இழக்கப்படுகின்றன.

இதை உறுதிசெய்ய, ஒற்றைப் பிணைப்பை உடைக்க உதவும் பென்சைல் மெர்காப்டனை அமிலத்தில் சேர்த்துச் சூடாக்கினேன். அதன் நாற்றம் கொருக்குப்பேட்டை வரை ரயிலில் என் சட்டையோடு வந்தது; புகைபோக்கி அறைக்கு வெளியே அதைத் திறக்கவே வேண்டாம் என்று இந்த வேலையில் இறங்குவோரைக் கேட்டுக்கொள்கிறேன். சிறிதாக இருந்த 577 உச்சம் உடைந்து மறைந்தது. அலகுகளை இணைக்கும் இரண்டு பிணைப்புகளும் சேர்ந்து தாங்கிக்கொண்டதால் 575 அப்படியே நின்றது.

ஆனால் 575-இல் இரண்டு உச்சங்கள் இருந்தன. எபிகேட்டச்சின் (கேட்டச்சினின் அதே அணுக்கள், சற்றே மாறிய அமைப்பு) இரண்டு சேர்ந்த ஏ2-வும், எபிகேட்டச்சினும் கேட்டச்சினும் சேர்ந்த ஏ1-உம் ஒரே நிறை கொண்டவை என்பதால் எண்ணை மட்டும் வைத்துப் பெயரிட முடியாது. தூய ஏ2 மாதிரியோடு வெளிவரும் நேரம் ஒத்துப்போன உச்சத்துக்கு மட்டும் அந்தப் பெயரைச் சூட்டினேன். மற்றொன்றை, வழிகாட்டி வற்புறுத்தியும், ஆய்வேட்டில் ‘ஏ வகை இரட்டை அலகு’ என்றே பதிவுசெய்தேன்.