விடிஆர் (டிவி ரெக்கோட் பண்ணுற சொஃப்ட்வெயார்) போட்டா ஜேர்மன் சனல் லிஸ்ட்தான் வருது, 93.5 கிழக்குச் செய்மதிக்கு சரியான பைல் ஆரிட்டையும் இருக்கோ?

வட்டக்கச்சிப் பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீட்டாத்தான் எழுதுறன், பொறுமையா வாசிச்சு ஒரு வழி சொல்லுங்கோ.

எங்கட அப்பப்பாவுக்கு கச்சேரி எண்டா உயிர். இந்தியத் தூர்தர்சனின்ர டிடி தமிழ்ல போற நாதஸ்வரம், வாய்ப்பாட்டு ஒண்டையும் விடமாட்டார். 2024 தை மாசம் பேர் மாத்தினாப் பிறகும் அவர் பொதிகை எண்டுதான் சொல்லுவார். இப்ப பெரும்போகம், வயலுக்குள்ள பண்டி இறங்குது, பொழுதுபட்டா மனுசன் ரோச்சையும் எடுத்துக்கொண்டு காவல் கொட்டிலுக்குப் போயிடுவார். இரவில போற நிகழ்ச்சியை ரெக்கோட் பண்ணி வச்சா காலமை தேத்தண்ணியோட இருந்து பாப்பார் எண்டு நினைச்சுத்தான் இந்த வேலையைத் தொடங்கினன்.

என்னட்ட இருக்கிறது ஒரு பழைய லப்டொப், செய்மதி டிவியை லப்டொப்புக்கு எடுக்கிற டிவிபி-எஸ்2 யூஎஸ்பி பெட்டி ஒண்டு, கூரைக்கு மேல 2 அடி டிஸ். லப்டொப்பில டெபியன் லினக்ஸ் போட்டு விடிஆர் நிறுவினன். திறந்து பாத்தா முதலாவது சனல் தாஸ் எர்ஸ்ட, ரெண்டாவது இசட்டிஎஃப், கீழ போகப் போக எல்லாம் ஜேர்மன். ஒண்டும் வேலை செய்யேல்லை, கறுப்புத் திரைதான். பிறகு கூட்டாளி ஒருத்தன் தன்ர பழைய பென்டிரைவில கிடந்த சனல் பைலைத் தந்தான். அதில 10990, 11070, 11150, 11490, 11570 எண்டு அஞ்சு அலைவரிசை, எல்லாத்துக்கும் சிம்பல் ரேட் (தரவு வாற வேகம்) 28500. போட்டுப் பாத்தன், சிக்னல் பட்டை அசையுது, ஆனா பெட்டி அலைவரிசையைப் பிடிச்சு லொக் விழுகுதில்லை. டிஸ்ஸுக்கு முன்னால இருக்கிற எல்என்பியை நூல் அளவு திருப்பிப் பாத்தன், வயரை மாத்தினன், ரெண்டு நாள் கூரையிலதான் சீவியம். அதுக்கிடையில பைலுக்குள்ள நான் கையால மாத்தினதெல்லாம் திருப்பிப் போட்டா காணாமப் போகுது, பழையபடி ஜேர்மன் லிஸ்ட் வந்து நிக்குது, இது ஏன் எண்டும் விளங்கேல்லை.

ஆரிட்டையாவது வேலை செய்யிற பைல் இருந்தா தாங்கோ. இன்னொண்டும் கேக்கோணும், சொஃப்ட்வெயாரோட வாற பைல் ஏன் இப்பிடிக் கிடக்குது, இதை ஆரும் பாத்துத் திருத்திறதில்லையோ?

---

வவுனியா டிஸ் வேலை:

தம்பி, உங்கட டிஸ்ஸில பிழை இல்லை, முதல்ல கூரையால இறங்குங்கோ. கூட்டாளி தந்த அந்த அஞ்சும் இன்சாட் 4பி எண்ட பழைய இந்தியச் செய்மதி காலத்து அலைவரிசை. அந்த 28500ஐ நான் எத்தினை வீட்டு ரிமோட்டில அமத்தியிருப்பன் எண்டு கணக்கில்லை. 2015 கார்த்திகையில ஜிசாட் 15 எண்ட புதுச் செய்மதியை ஏவி அதே 93.5இல கொண்டுவந்து நிப்பாட்டினவங்கள். டிடி தமிழ் வாற டிடி ஃப்ரீ டிஸ் சேவை அதுக்கு மாறேக்க அலைவரிசையும் மாறிச்சு, சிம்பல் ரேட் 29500 ஆகிச்சு. இடம் மாறாதபடியா டிஸ்ஸை ஒருத்தரும் அசைக்கத் தேவையில்லாமப் போச்சு, அதாலதான் கனபேர் பழைய லிஸ்ட்டையே வச்சுக்கொண்டு டிஸ்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவை. பட்டை அசையுது எண்டுறதை நம்பாதேங்கோ, அது எல்என்பியில இருந்து சத்தம் வருது எண்டு மட்டுந்தான் சொல்லும், லொக் விழுந்தாத்தான் கணக்கு.

முதல்ல 11090, போலரைசேசன் (அலை வாற நிலை) வேர்ட்டிக்கல், 29500 போட்டுப் பாருங்கோ. லொக் விழாட்டி 11470, அதுவும் இல்லையெண்டா 11550. மூண்டும் விழாட்டித்தான் திரும்பக் கூரைக்கு ஏறோணும். எல்என்பி கழிக்கிற லோக்கல் அலைவரிசை 9750தானே, அப்ப 11090க்கு வயரில வாறது 1340 மெகா ஹேர்ட்ஸ், ஃபைண்டர் மீட்டர் வச்சிருந்தா அதில அதைப் போட்டுப் பாக்கலாம்.

திசை சந்தேகமெண்டா சொல்லுறன், கிளிநொச்சியில இருந்து 93.5 நிக்கிறது தென்கிழக்கில, உயரம் கிட்டத்தட்ட 71 பாகை. நல்லா நிமிந்து பாக்கோணும், அதால தென்னோலை மறைக்கிறது குறைவு. ஆனா எல்என்பி வாயை ஒருக்கா வடிவாப் பாருங்கோ. போன மாசம் ஓமந்தைப் பக்கம் ஒரு வீட்டில ரெண்டு மணித்தியாலம் மாரடிச்சன், கடைசியா ஏணி வச்சு ஏறிப் பாத்தா மூடி வெடிச்சு அதுக்குள்ள குளவி மண்கூடு கட்டியிருக்கு, விரல் மொத்தத்துக்கு மண். துடைச்சு ஒரு துண்டு பொலித்தீனைக் கட்டிவிட்ட உடன படம் வந்திட்டுது.

---

முள்ளியவளை லினக்ஸ்:

அண்ணை அலைவரிசையைச் சொல்லிப்போட்டார், நான் சொஃப்ட்வெயார் பக்கத்தைச் சொல்லுறன் தம்பி.

நீங்க மாத்தினது காணாமப் போறதுக்குக் காரணம், விடிஆர் ஓடிக்கொண்டிருக்கேக்க சனல் லிஸ்ட்டைத் தன்ர நினைவில வச்சிருக்கும், நிக்கேக்க அதைத் திருப்பிப் பைலில எழுதிப்போட்டுத்தான் நிக்கும். நீங்க இடையில என்ன எழுதினாலும் அதுக்கு மேலால எழுதிப்போடும். முதல்ல விடிஆரை முழுசா நிப்பாட்டோணும், பிறகு பைலை மாத்தோணும், பிறகு தொடக்கோணும். நானும் இதில ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை விட்டனான்.

ஜேர்மன் லிஸ்ட்டைப் பற்றி. விடிஆரை 2000ஆம் ஆண்டு தொடங்கினவர் கிளவுஸ் ஷ்மிடிங்கர் எண்ட ஜேர்மன்காரர், அவரின்ர பக்கத்து டிஸ் எல்லாம் பாக்கிறது அஸ்ட்ரா 19.2 கிழக்குச் செய்மதியை. அதால அவர் குடுத்த லிஸ்ட் அஸ்ட்ராவுக்குரியது, அவரின்ர வானத்துக்கு அது சரி. எங்களுக்கு அந்தச் செய்மதி மேற்கால தாழ்வா நிக்கும், ஆனா அதின்ர ஒளிக்கற்றை ஐரோப்பாவுக்குத் திருப்பினது, வட்டக்கச்சியில எவ்வளவு பெரிய டிஸ் வச்சாலும் தாஸ் எர்ஸ்ட வராது. அது பிழையான பைல் இல்லை, இன்னொரு இடத்துப் பைல்.

கூட்டாளி தந்ததுதான் வேற வகை, அது ஒருகாலத்தில எங்கட இடத்துக்குச் சரியா இருந்து பிறகு பழசாப் போனது. இதுதான் ஆபத்து, ஏனெண்டா பாக்கச் சரியா இருக்கு, செய்மதி சரி, போலரைசேசன் சரி, ஆள் தன்ர டிஸ்ஸைத்தான் சந்தேகப்படும்.

இப்ப வேலைக்கு வருவம். டிவிபிவி5-ஸ்கான் எண்டு ஒரு கருவி இருக்கு, வி4எல்-யூட்டில்ஸ் திட்டத்தைச் சேந்தது, டெபியனில டிவிபி-ரூல்ஸ் எண்ட பொதிக்குள்ள வரும். சின்ன ரெக்ஸ்ட் பைல் ஒண்டு எழுதி அதில 11090 ஒண்டை மட்டும் போடுங்கோ. கவனம், அங்க அலைவரிசை கிலோ ஹேர்ட்ஸில, 11090000 எண்டு வரோணும், சிம்பல் ரேட் 29500000. விடிஆர் பைலில மட்டும் சைபர் இல்லாம 11090, 29500. இந்தச் சைபர் மூண்டிலதான் கனபேர் விழுறது. எல்என்பி வகை யூனிவேர்சல் எண்டு குடுத்து, வெளியில வாறதை விடிஆர் வடிவத்தில கேளுங்கோ, அது தரும். வந்த பைலில செய்மதிக் குறி 93.5 கிழக்கு எண்டு இருக்கோ எண்டு பாத்து, இல்லாட்டிக் கையால திருத்துங்கோ.

இன்னொண்டு, டைமர். விடிஆரின்ர டைமர் சனலின்ர பேரைப் பாக்கிறேல்லை, செய்மதி, நெட்வேர்க், ட்ரான்ஸ்போண்டர் (கன சனலைக் காவுற ஒரு அலைவரிசை), சேவை இலக்கம் எல்லாம் சேந்த ஒரு ஐடியைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கும். பொதிகை டிடி தமிழ் ஆனது டைமருக்கு ஒண்டும் செய்யாது, ஆனா சனலை ஒரு ட்ரான்ஸ்போண்டரில இருந்து மற்றதுக்கு மாத்தினா பழைய டைமர் பழைய இடத்தையே பாத்துக்கொண்டிருக்கும், காலமை பாத்தா ஒண்டும் இருக்காது. புது லிஸ்ட் போட்டாப் பிறகு டைமரையும் புதுசாப் போடுங்கோ.

---

மாங்குளம் சந்தி:

அக்கா சொல்லுறதைப் பாத்தா எனக்கு ஒண்டுதான் தோணுது. ஏன் இந்தப் பைல்களைச் சொஃப்ட்வெயாரோட குடுக்கினம், பேசாம எடுத்து எறியலாம்தானே. ஒண்டுமில்லாத வெறுமையான லிஸ்ட்டோட வந்தா ஆளுக்கு விளங்கும், ஓ நான்தான் தேடோணும் எண்டு. பழைய லிஸ்ட் இருந்தா ஆள் அதை நம்பிக் கூரையில ஏறுது. எங்கட பக்கத்தில மழைக்காலத்தில பாசி பிடிச்ச ஓட்டுக்கு மேல ஏறிறது விளையாட்டில்லை. இந்தத் தம்பி ரெண்டு நாள் கூரையில நிண்டது ஆரோ அழிக்காம விட்ட அஞ்சு வரியால.

அதோட கொக்காவில் கோபுரத்தில இருந்து வாற சனலையும் இதில பிடிக்கலாமோ? அங்க நேத்ரா ரிவி வருது.

---

முள்ளியவளை லினக்ஸ்:

கொக்காவில் வராது தம்பி. எங்கட நாட்டில தரைவழி ஒளிபரப்பு இன்னும் அனலொக், டிஜிட்டலுக்கு ஐஎஸ்டிபி-டி எண்ட ஜப்பான் முறை எண்டு 2014இல முடிவெடுத்தவை, அவ்வளவுதான். இந்தப் பெட்டி செய்மதிக்கு மட்டும்.

அழிக்கிறதைப் பற்றி நீங்க சொல்லுறதில ஞாயம் இருக்கு, ஆனா நான் ஒத்துக்கொள்ள மாட்டன். செய்மதியில தேடிறதுக்கு ஒரு தொடக்கம் வேணும். ஒரு ட்ரான்ஸ்போண்டரில லொக் விழுந்தா, அதுக்குள்ள வாற நெட்வேர்க் அட்டவணையில மற்ற ட்ரான்ஸ்போண்டர்களின்ர விபரம் இருக்கும், அதைப் பிடிச்சு மிச்சத்துக்குப் போகலாம், ஒளிபரப்புறவை அதைச் சரியா வச்சிருந்தா. விடிஆர் செற்றிங்கில சனல் புதுப்பித்தலை புது ட்ரான்ஸ்போண்டர் சேர் எண்டு விட்டா அதுவும் இதைத்தான் செய்யும். ஆனா அந்த முதலாவது ஒண்டு இல்லாட்டி குருட்டுத் தேடல், பெட்டி மணித்தியாலக்கணக்கில உருட்டும். அண்ணை மாதிரி ஒராள் பக்கத்தில இல்லாத வீட்டில என்ன செய்யிறது? அதால லிஸ்ட் இருக்கோணும், ஆனா சின்னதா, ஒரு செய்மதிக்கு நிச்சயமான ரெண்டு மூண்டு வரி போதும். முழு லிஸ்ட் எழுதி வச்சாத்தான் கெதியாப் பழுதாகும்.

வட்டக்கச்சித் தம்பி, இதை ஆர் பாக்கிறது எண்டு முதல்ல கேட்டீங்கள்தானே, அதுக்கு வாறன். லினக்ஸில டிவி பாக்கிற சொஃப்ட்வெயாரைச் செய்யிற லினக்ஸ்ரிவி ஆக்கள் டிரிவி ஸ்கான் ரேபிள்ஸ் எண்டு ஒரு தொகுப்பு வச்சிருக்கினம், உலகத்தில உள்ள செய்மதி, கேபிள், தரைவழி எல்லாத்துக்கும் தனித்தனிப் பைல். விடிஆர் மாதிரி இன்னொரு சொஃப்ட்வெயாரான டிவிஹெட்எண்டில புது நெட்வேர்க் சேக்கேக்க வாற ஆயத்த லிஸ்ட் எல்லாம் அங்க இருந்து எடுத்ததுதான். டபிள்யூ ஸ்கான் மாதிரிக் கருவியில செய்மதி லிஸ்ட் நிரலுக்குள்ளயே எழுதிக் கிடக்கு, அது இன்னும் கஸ்டம், திருத்திறதெண்டா நிரலையே திரும்பக் கட்டோணும். அந்தத் தொகுப்பைப் பாக்கிறவை வேற நாட்டில இருக்கினம், 93.5ஐ நோக்கி அவையிட்ட டிஸ் இல்லை. 28500 சரியோ 29500 சரியோ எண்டு அவை எப்பிடிப் பாப்பினம்? பிழையெண்டு தெரியாம அழிக்கவும் ஏலாது, சரியெண்டு தெரியாமத் திருத்தவும் ஏலாது, அதால கிடந்தபடி கிடக்கும். அந்த வானத்துக்குக் கீழ டிஸ் வச்சிருக்கிற நாங்கள்தான் சொல்லோணும். இந்தியாவில கோடிக்கணக்கான வீடு இருக்கு, அவை அனுப்புவினம் எண்டு விடலாம், ஆனா அங்க இருக்கிற ஆக்களும் எங்களைப்போலத்தான் ரிமோட்டில அமத்திப்போட்டுப் போறவை.

தம்பி, உங்களுக்கு லொக் விழுந்தா அந்த அலைவரிசையை நீங்களே அந்தத் தொகுப்புக்கு அனுப்புங்கோ. லினக்ஸ் மீடியா மெயில் லிஸ்ட்டுக்கு பேட்ச் (பைலில என்ன மாத்தினது எண்டு காட்டுற குறிப்பு) ஆக அனுப்போணும், வெறும் எழுத்து மெயிலா இருக்கோணும், எச்டிஎம்எல் மெயில் எண்டா அந்த லிஸ்ட் ஏற்காது. பைலின்ர தலையில எண்டைக்கு, எங்க வச்சு, எந்த அளவு டிஸ்ஸில பாத்தது எண்டு ஒரு குறிப்புப் போடுங்கோ. எனக்கு இதுதான் எல்லாத்திலயும் பெரிய விசயம். உங்கட கூட்டாளியின்ர பைலில 2013 எண்டு ஒரு திகதி இருந்திருந்தா, நீங்க ஏணியைத் தூக்க முந்தி ஒருக்கா யோசிச்சிருப்பீங்கள்.

---

வவுனியா டிஸ் வேலை:

தங்கச்சி சொல்லுறது நூற்றுக்கு நூறு. நான் இவ்வளவு காலமும் கொப்பியில எழுதி வச்சிருக்கிறன், எந்த வீட்டில எப்ப என்ன அலைவரிசை எண்டு. இப்பிடி அனுப்பலாம் எண்டு இண்டைக்குத்தான் தெரியும். 66 கிழக்கு, 68.5 கிழக்கு சி-பாண்டுக்கும் இப்பிடிப் பைல் இருந்தா நானும் பாத்துச் சொல்லுறன், அங்க எல்என்பி லோக்கல் 5150 எண்டு குடுக்கோணும், யூனிவேர்சல் எண்டு குடுத்தா ஒண்டும் வராது.

---

வட்டக்கச்சிப் பெடியன்:

அண்ணை, அக்கா, வேலை செய்யுது!! 11090 போட்ட உடன லொக் விழுந்திட்டுது, நான் கூரைக்கு ஏறவே இல்லை. விடிஆரை நிப்பாட்டித்தான் பைலை மாத்தினன், இப்ப மாத்தினது அப்பிடியே நிக்குது. டைமரும் புதுசாப் போட்டன்.

ஒரு சிக்கல் வந்தது, லப்டொப்பின்ர உள் பற்றரி செத்துப் போச்சு, கரண்ட் போய் வந்தா மணிக்கூடு எங்கயோ பழைய வருசத்துக்குப் போயிடும், அப்ப டைமர் தொடங்காது. விடிஆர் செற்றிங்கில செய்மதியில இருந்து நேரத்தை எடு எண்டு ஒண்டு இருக்கு, எந்த ட்ரான்ஸ்போண்டரில எண்டும் சொல்லோணும், அதைப் போட்டாப் பிறகு தானா நேரம் சரிவருது. எங்களுக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரமெண்டபடியா நிகழ்ச்சி நேரத்தில குழப்பமில்லை.

முந்தநாள் இரவு நாதஸ்வரக் கச்சேரி 43 நிமிசம் பதிஞ்சிருக்கு, அதுக்குப் பிறகு கரண்ட் போயிட்டுது. அப்பப்பா வயலால வந்து கால் கழுவாமலே வந்து குந்தியிருந்து பாத்தார், முடிஞ்ச இடத்தில மிச்சம் எங்கயடா எண்டு கேட்டார்.

பேட்ச் எழுதிக்கொண்டிருக்கிறன் அக்கா. மூண்டு வரிதான் போட்டிருக்கிறன், 11090, 11470, 11550, மூண்டும் நான் லொக் பாத்தது. தலையில திகதி, கிளிநொச்சி, 2 அடி டிஸ் எண்டு எழுதியிருக்கிறன். அனுப்ப முந்தி முள்ளியவளையில உங்கட டிஸ்ஸில அந்த மூண்டையும் ஒருக்கா பாத்துச் சொல்லுவீங்களோ? ரெண்டு இடத்தில பாத்தது எண்டு போட்டு அனுப்பலாம்.