முதுகில் நாற்காலி, கழுத்தில்லாத ஸ்வெட்டர்: ‘ஆன்டிக் மீட்’ பாணி ஆட்டத்துக்கு யோசனை வேணும்

பேரூர்வாசி:
அமெரிக்க நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 1958ல அமைச்ச ‘ஆன்டிக் மீட்’ பாணியில எட்டு நிமிச வேடிக்கை ஆட்டம் ஒண்ணு, கோவையில ஒரு கல்லூரி மேடைக்குத் தயாராகுதுங்க. முதுகுல கட்டற நாற்காலி, குதிச்சா தொடைக்கு இறங்கிருது. நாலு கை வச்சு, தலை நுழைய வழியில்லாத ஸ்வெட்டர் தையல் விட்டுப்போச்சு. இசையையும் ஆட்டத்தையும் எங்க சேர்க்கறது?

ஊத்துக்குளி ரோடு:
ஸ்வெட்டரை சாதா சிங்கர் மெஷின்ல அடிச்சிருப்பாங்க. பனியன் துணி இழுபடும், அந்தத் தையல் இழுபடாது, பட்டுனு அறுந்துரும். துணியோட சேர்ந்து இழுபடற ஓவர்லாக் தையல் போடுங்க, அக்குள்ல ரெண்டு தடவை. துணி லைக்ரா கலந்த ரிப் (வரிவரியா இழுபடற பின்னல் துணி), சதுர மீட்டருக்கு 220 கிராம் எடை போதும். திருப்பூர் பிட் துணிக் கடையில எடைக்கே கிடைக்கும். மூல ஆட்டத்து ஸ்வெட்டரைக் கன்னிங்ஹாம் தன் கையாலயே பின்னினாருங்க. கைப்பின்னல்ல காத்து போகும், ரிப்ல அவ்வளவு போகாது. முகம் வர்ற இடத்துல வலைத்துணி வைங்க, மேடை விளிம்பும் தெரியும்.

நொய்யல்கரை:
கை வச்ச நாற்காலி முழங்கையை இடிக்கும், மடக்கு நாற்காலி விரலை நசுக்கும். ரெண்டும் வேண்டாமுங்க. உட்காரற பலகை பின்னால நீட்டிட்டு நிக்கறதால தோள்ல மட்டும் பட்டை போட்டா பாரம் பின்னால சாய்ச்சு, கீழ இழுக்கும். ரெண்டு இஞ்ச் பருத்தி நாடாவை நெஞ்சுல பெருக்கல் குறியாட்டம் கடத்தி, இடுப்புல தனி பெல்ட் போடுங்க. நைலான் வழுக்கும். எப்படிக் கட்டினாலும் காலைப் பின்னால வீசினா நாற்காலிக் கால் இடிக்கும். அந்த அசைவை எடுத்துப்போடுங்க.
மூல ஆட்டத்துக்கு உடையும் மேடைப் பொருளும் அமைச்ச ஓவியர் ராபர்ட் ராஷன்பெர்க், அதுல சக்கரம் வச்ச கதவையும் சேர்த்திருந்தார். அதையும் செய்யறதா இருந்தா அடிச்சட்டம் அகலமா இருக்கணும், ரெண்டு சக்கரத்துக்காவது பிரேக் வேணும்.

கும்மிக்கால்:
இசையைச் சேர்க்கவே வேண்டாமுங்க, அந்த ஆட்டத்தோட உயிரே அதுல இருக்கு. அதுக்கு வாசிச்ச இசை, இசையமைப்பாளர் ஜான் கேஜ் எழுதின ‘கன்சர்ட் ஃபார் பியானோ அண்ட் ஆர்கெஸ்ட்ரா’. அதுல பியானோவுக்கு 63 பக்கம், அதுல வேணுங்கறதை எடுத்து வாசிக்கலாம், விடலாம். இசையை நடத்தறவர் கடிகார முள்ளாட்டம் கையைச் சுத்துவார், தாளம் போடமாட்டார்.
நம்ம பக்கம் வள்ளி கும்மி ஆடிப் பழகின கால், சத்தம் கேட்டதும் தாளத்தைத் தேடிப் போயிரும். அதனால ஒத்திகை முழுக்க சத்தமில்லாம, ஸ்டாப்வாட்ச் வச்சு. மூலத்துல பத்துக் காட்சி. எட்டு நிமிசத்துக்கு நாலு போதும். இசையை மேடையிலதான் முதல்ல கேக்கணும்.
ஆடறவங்க சிரிச்சாப் போச்சுங்க. அமெரிக்க நவீன நடன முன்னோடி மார்த்தா கிரஹாம் குழுவுல 1939 முதல் 1945 வரை ஆடினவர் கன்னிங்ஹாம். அந்தப் பாணியை இதுல கேலி பண்றப்பவும் அசைவுல பிசிறு இருக்காது. ஸ்வெட்டருக்குள்ள தலையைத் தேடறவர் நிஜமாத் தேடணும்.