போனில் இழுத்து எழுதுவதா, தட்டி எழுதுவதா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மடிப்பாக்கம் மாடிவீடு:

போன மாதம் நடந்தது. இன்னும் மாடிப்படி இறங்கும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கிறது.

மோட்டார் ரிப்பேர். லாரித் தண்ணீர் கீழே தொட்டியில் நிற்கிறது, மாடிக்கு ஏறவில்லை. என்னிடம் இருந்த ஒரே வாளியும் அன்றைக்குப் பார்த்துத்தான் விரிசல் விட்டது. கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டேன். வாயில் பிரஷ், ஒரு கை அதைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கைக் கட்டைவிரலை எடுக்காமல் கீபோர்டில் இழுத்தேன். ஆங்கில எழுத்தில் இழுத்தால் தமிழில் வந்து விழுமே, அந்த முறைதான். எழுத நினைத்தது, "சார், வாளியை மேலே அனுப்புங்க." போனது, "சார், வள்ளியை மேலே அனுப்புங்க."

வள்ளி அவர் சம்சாரத்தின் பெயர்.

அனுப்பிய பிறகுதான் படித்தேன். அதற்குள் இரண்டு நீல டிக். அழிக்கலாம் என்று மெசேஜ் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்போதே படியில் செருப்புச் சத்தம். அவரே வந்தார், கையில் பச்சை பிளாஸ்டிக் வாளி. வாசலில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வேற ஏதாவது வேணுமா தம்பி?" என்றார். விளக்கம் சொல்ல வாயைத் திறக்க முடியாது, வாய் நிறைய நுரை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த 'வேற ஏதாவது' இருக்கிறதே, அதுதான் தூங்க விடமாட்டேன் என்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் இழுத்துத்தான் எழுதுகிறேன், விரல் பழகிவிட்டது. உங்களுக்கு இப்படி ஏதாவது?

29சி ஜன்னலோரம்:

இதற்கெல்லாம் இழுப்பதைக் குறை சொல்லாதீர்கள். அனுப்பும் முன் ஒரு தடவை படிக்க வேண்டியது உங்கள் வேலை.

நானும் ஒரு காலத்தில் இரண்டு கட்டைவிரல் கட்சிதான். பெரம்பூரில் பஸ் ஏறினால் பெசன்ட் நகர் வரை தட்டிக்கொண்டே போவேன். அன்றைக்கு உட்கார இடம் இல்லை. கம்பியை முழங்கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தேன். ஜெமினி பக்கம் வந்தபோது டிரைவர் போட்டார் பாருங்கள் ஒரு பிரேக், போன் கையை விட்டுப் பறந்து ஒரு பூக்கார அம்மாவின் கூடைக்குள் விழுந்தது. ஈரத்துணிக்கு அடியில், மல்லிப் பந்துகளுக்கு நடுவில். அந்த அம்மா எடுத்து முந்தானையால் துடைத்தார். திரையைப் பார்த்தார். "பாதியில நிக்குதும்மா, முடிச்சு அனுப்பு" என்று சொல்லிக் கொடுத்தார்.

என்ன எழுதிக்கொண்டிருந்தேன் என்று இங்கே சொல்ல மாட்டேன். வீட்டில் போட்ட சண்டையின் இரண்டாம் பாகம். அந்த அம்மா படித்திருப்பாரா என்று இன்றைக்கும் ஜெமினி வரும்போது ஒரு யோசனை வரும்.

அன்றிலிருந்து ஒரு கை கம்பிக்கு, ஒரு விரல் போனுக்கு. கத்திரி வெயிலில் மட்டும் கொஞ்சம் தகராறு. வேர்த்த விரல் கண்ணாடியில் வழுக்காது, விக்கி விக்கிப் போகும், பாதி வார்த்தையில் நின்றுவிடும். கைக்குட்டையில் கொஞ்சம் பவுடர் வைத்திருக்கிறேன், விரலைத் தொட்டுக்கொள்வேன். சிரிக்காதீர்கள், கேரம் ஆடுகிறவர்களுக்குப் புரியும்.

மந்தைவெளி குடித்தனக்காரன்:

எனக்கும் ஹவுஸ் ஓனர்தான், ஆனால் தப்பு அவர் பக்கம். மார்கழி மாதம், ராத்திரி பத்தரை மணிக்கு அந்த மாமியிடமிருந்து மெசேஜ்: "நாளைக்குக் காலையில காலி. மறக்காம வாங்கோ." முதல் வரியைப் படித்ததும் மனைவியை எழுப்பிவிட்டேன். அட்வான்ஸ் பத்து மாத வாடகை அவர்களிடம் இருக்கிறது, குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. இரண்டாவது வரியை மனைவிதான் படித்தாள். "காலி பண்ணச் சொல்றவங்க எதுக்குங்க வாங்கோன்னு கூப்பிடணும்?" மறுநாள் திருவாதிரை. மாமி சொன்னது களி.

களி நன்றாகத்தான் இருந்தது. ஏழு காய் கூட்டும் கொடுத்தார்கள். ஆனால் தொண்டையில் இறங்குவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

தரமணி நைட் ஷிப்ட்:

29சி அக்கா, 'படித்துவிட்டு அனுப்பு' என்பது சரிதான், ஆனால் வள்ளி, களி இரண்டும் கவனக்குறைவு இல்லை. முதலில் என் கதை. இரவு ஒரு மணி, சாஃப்ட்வேர் ரிலீஸ். மேனேஜர் குரூப்பில் கேட்டார், முடிஞ்சுதா என்று. பதினோரு பேர் விழித்திருக்கும் குரூப். "ஆமா" என்று இழுத்தேன். "அம்மா" என்று போனது. அந்த மனிதர் அரட்டை எல்லாம் அடிக்காதவர். "என்னப்பா ஆச்சு? வீட்டுக்குக் கிளம்புறியா?" என்று உடனே பதில். அவர் அவ்வளவு பரிவாகக் கேட்டு நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தப்பாக விழுந்தது என்று சொல்ல மனசே வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இழுக்கும்போது கீபோர்டுக்குக் கிடைப்பது எழுத்துகள் இல்லை, ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு எந்த வார்த்தை பொருந்தும் என்று அது யூகிக்கிறது. ஆங்கிலத்திலேயே பாட், பிட், புட் மூன்றும் ஒரே கோடுதான். பி-யிலிருந்து டி வரை ஒரே வரிசையில் நேராக இழுத்தால் நடுவில் ஓ, ஐ, யு மூன்றையும் கடந்துதான் போக வேண்டும். நமக்கு அதைவிடப் பெரிய சிக்கல். தங்கிலீஷில் நெடிலுக்கு 'ஏ'-வை இரண்டு தடவை போடுகிறோம், ஒற்றுக்கு 'எல்'-லை இரண்டு தடவை போடுகிறோம். தட்டினால் இரண்டு தட்டு. இழுத்தால்? ஒரே இடத்தில் விரல் இரண்டு தடவை எப்படி நிற்கும்? ஆக வலி, வாலி, வாளி, வள்ளி நான்கும் ஒரே கோடு. பலி, பல்லி, பள்ளி ஒரே கோடு. ஆமாவும் அம்மாவும் ஒரே கோடு. மிச்சம் எல்லாம் யூகம். மாடிவீட்டுக்காரர் 'வள்ளி அக்கா ஹவுஸ் ஓனர்' என்று நம்பரைச் சேமித்திருப்பார் என்று பந்தயம் கட்டுகிறேன். தொடர்புப் பட்டியலில் இருக்கும் பெயர்களைத் தூக்கி முன்னால் வைக்கும் வசதி கீபோர்டில் உண்டு. வாளி எந்தப் பட்டியலிலும் இல்லை, பாவம்.

இந்த இழுப்பு வேலை புதுசும் இல்லை. ஐபிஎம் ஆல்மடன் ஆய்வகத்தில் ஷுமின் ஜாய், பெர் ஓலா கிறிஸ்டென்சன் இருவரும் 2003 வாக்கிலேயே, விரலுக்கு அல்ல, எழுத்தாணிப் பேனாவுக்காகச் செய்து பார்த்தது. நம் கைக்கு வந்தது ஸ்வைப் செயலி வழியாக, 2009-இல் ஒரு சாம்சங் போனில். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கிளிஃப் குஷ்லர், பட்டன் போன் காலத்து டி9-க்கும் சொந்தக்காரர்களில் ஒருவர். அங்கே எண்ணை வைத்து யூகம், இங்கே கோட்டை வைத்து யூகம், அவ்வளவுதான். அந்தச் செயலியில் இரட்டை எழுத்துக்கு அந்த இடத்தில் ஒரு சின்னச் சுழி போட வேண்டும். தமிழுக்கு அதுதான் தேவை! 2018-இல் அதை மூடிவிட்டார்கள்.

வேகம்தான் கேள்வி என்றால், 2019-இல் வந்த ஓர் ஆய்வில் 37,000 பேருக்கு மேல் போனில் தட்ட வைத்துப் பார்த்தார்கள். சராசரி நிமிடத்துக்கு 36 சொல், இரண்டு கட்டைவிரலால் தட்டியவர்கள் 38 சொல் அளவுக்குப் போனார்கள். தானாகத் திருத்தும் வசதி கைகொடுத்தது. மேலே வரும் வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவர்கள்தான் பின்தங்கினார்கள். ஆனால் அது ஆங்கிலம். தமிழுக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

பழைய ஹையர்:

36 சொல்லா? நாங்கள் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் 45 சொல் அடித்தோம், அதுவும் மெஷினில், சத்தத்தோடு. மாம்பலத்து இன்ஸ்டிட்யூட்டில் எங்கள் மாஸ்டர் அடிஸ்கேலோடு நிற்பார். கட்டைவிரல் ஸ்பேஸ் பாரை விட்டு எழுந்தால் மேலேயே ஒரு தட்டு. "அதுக்கு இடைவெளி விடுறது மட்டும்தான் வேலை" என்பார். இன்றைக்கு அந்த விரல்தான் எல்லா வேலையும் செய்கிறது, பரீட்சை பாஸ் பண்ணிய எட்டு விரலும் போனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கின்றன. முதல்முறை போனில் தட்டியபோது மாஸ்டர் பின்னால் நிற்கிற மாதிரியே இருந்தது. அவ்வளவுதான் என் அனுபவம்.

தரமணி தம்பி நோயை நன்றாகச் சொன்னார், மருந்தைச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். தமிழை ஏன் ஆங்கில எழுத்துக்குள் திணித்து, அப்புறம் கீபோர்டிடம் கெஞ்ச வேண்டும்? தமிழ்99 பழகுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்து, தமிழ்நாடு அரசே ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அமைப்பு. இடது பக்கம் உயிர், வலது பக்கம் அகரம் ஏறிய மெய். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், ஆக 31 விசையில் 247 எழுத்தும் வந்துவிடும். இரண்டு கட்டைவிரலுக்கென்றே செய்தது மாதிரி இருக்கும், இடது விரல் உயிருக்கு, வலது விரல் மெய்க்கு. புள்ளி வைக்கத் தனியாக மெனக்கெட வேண்டாம். ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வரும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, இந்த ஜோடிகளுக்கும் அப்படியே. பார்க்கலாமா? வ, ஆ, ள, இ: வாளி. வ, ள, ள, இ: வள்ளி. இரண்டுக்கும் நாலே தட்டு, குழப்பம் எங்கே வரும்? போனில் தமிழ் என்பதே பலருக்குத் தெரியாத நாளில், 2005 பொங்கலுக்கு முத்து நெடுமாறன் செல்லினம் என்ற தமிழ் எழுதும் செயலியைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அதில் தமிழ்99 இருக்கிறது. பதினைந்து நாள் பொறுமையாகத் தினமும் அரைமணி நேரம், முதல் வாரம் உயிர் மட்டும், அடுத்த வாரம் மெய், பிறகு செய்தித்தாளில் ஒரு பத்தியைப் பார்த்து அடியுங்கள். திரையைப் பார்க்காமல் அடிக்க முயலுங்கள். உட்காரும்போது முதுகு நேராக இருக்க வேண்டும்.

29சி ஜன்னலோரம்:

அம்மா, நின்றுகொண்டு போகிற பஸ்ஸில் முதுகு நேராகத்தான் இருக்கும், வேறு வழி இல்லை. இடது விரல் உயிருக்கு என்கிறீர்கள், என் இடது கை முழுசும் உயிருக்குத்தான், கம்பியில் இருக்கிறது.

வேளச்சேரி தரைத்தளம்:

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சிரிக்கிற கதை இல்லை.

மிக்ஜாம் புயல், 2023 டிசம்பர் 4. வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். பாட்டியை டைனிங் டேபிள் மேல் உட்கார வைத்திருந்தோம். கரண்ட் இல்லை, என் போனில் 9 சதவீதம் சார்ஜ், சிக்னல் ஒரு கோடு வரும், போகும். தெரு குரூப்பில் படகோடு வந்திருந்த பையன்கள் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், எந்த வீட்டுக்கு வேணும், எந்த வீட்டுக்கு வேணாம் என்று. பால்கனியில் நின்றால்தான் சிக்னல். சாரல் நேராக போன் மேல். நான் எப்போதும் இழுத்து எழுதுகிறவள். ஒரு சொட்டுத் தண்ணீரையும் விரல் என்று நினைத்துக்கொள்ளும் கண்ணாடி அது, கோடு எங்கெங்கோ வெட்டிக்கொண்டு ஓடியது. "படகு வேணும்" என்று இழுத்தேன். அனுப்பிவிட்டு, சார்ஜ் மிச்சம் பிடிக்கத் திரையை அணைத்துவிட்டேன்.

படகு எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போனது. கையை ஆட்டினேன், அவர்களும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்கள். அப்புறம்தான் திரையைத் திறந்து பார்த்தேன். "படகு வேணாம்."

உள்ளே வந்தேன். பாட்டி தன் புடவைத் தலைப்பில் காய்ந்த இடமாகத் தேடிப் பிடித்து, போனை வாங்கித் துடைத்தார். ஒரு மூலை விடாமல், வெங்கலக் குத்துவிளக்கைத் துடைப்பது மாதிரி. துடைத்த போனைத் தலைப்புக்குள்ளேயே பிடித்துக்கொண்டார், நான் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். வே. ணு. ம். மூன்று எழுத்துக்கும் பாட்டி வாய்விட்டுச் சொன்னார், எனக்கு அரிச்சுவடி சொல்லித்தந்த அதே குரல். படகு வரும்போது இருட்டிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மற்ற எல்லாவற்றையும் இன்றைக்கும் இழுத்துத்தான் எழுதுகிறேன். வேணும், வேணாம் இரண்டை மட்டும் தட்டுவேன்.

தரமணி நைட் ஷிப்ட்:

அக்கா, ஈரமாக இருக்கும்போது குரலில் பதிவு செய்து அனுப்புவதுதான் நல்லது. அல்லது சில போன்களில் ஈரக் கையோடு தொடுவதற்கென்று ஒரு அமைப்பு இருக்கிறது, செட்டிங்ஸில்

சாரி. தேவையில்லாமல் சொல்கிறேன். பாட்டி நலமா?

வேளச்சேரி தரைத்தளம்:

நலம். இப்போது அவரும் குரல் பதிவுதான் அனுப்புகிறார், ஒவ்வொன்றும் நாலு நிமிடம்.

மடிப்பாக்கம் மாடிவீடு:

தரமணி தம்பி பந்தயத்தில் ஜெயித்துவிட்டார். அப்படியேதான் சேமித்திருந்தேன், 'அக்கா' உட்பட. இப்போது 'கீழ்வீடு' என்று மாற்றிவிட்டு, பெயர் சொல்லும் அந்த வசதியையும் அணைத்துவிட்டேன். சோதித்துப் பார்த்தேன், 'வாலி' என்று வருகிறது. வாளி இன்னும் வரவில்லை.

ஹையர் அம்மா, தமிழ்99 இறக்கிக்கொண்டேன். "சார், மோட்டார் சரியாகிவிட்டது, நன்றி" என்று தட்ட ஆறு நிமிடம் ஆனது. பல் தேய்த்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஒரு தப்பும் இல்லை. ஹவுஸ் ஓனர் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினார்.

பச்சை வாளி இன்னும் என் வாசலில்தான் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மணியை அடித்தால் கதவை யார் திறப்பார்கள் என்பதுதான் யோசனையாக இருக்கிறது.