அப்பாவின் ஈஎக்ஸ்5-க்கு எந்த ஸ்பானர் செட் வாங்கலாம்?

சிப்புட் பையன்:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் செம்பனைத் தோட்ட அலுவலகம் ஒன்றில் கிராணி (எழுத்தர்) வேலை பார்க்கிறேன். அப்பா விட்டுப்போன ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள்தான் என் வண்டி. மோட்டார் பட்டறைக்குப் போனால் சனிக்கிழமை காலை முழுக்கப் போய்விடுகிறது. ஆயில் மாற்றுவதையாவது நானே செய்யலாம் என்று பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 39 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து 46 சாமான் உள்ள ஒரு பெட்டி வாங்கினேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலை மழுங்கிவிட்டது. சரி, கார்புரேட்டரையாவது சுத்தம் செய்வோம் என்று உட்கார்ந்தால், அடிக்கிண்ணத்துத் திருகாணிகளில் இரண்டின் தலை பள்ளமாகிவிட்டது. வீட்டில் அப்பாவின் ஸ்பானர்கள் கொஞ்சம் ஒரு பால்மாவு டின்னில் கிடக்கின்றன, துருப்பிடித்து. இப்போது கையில் 250 வெள்ளி இருக்கிறது. எந்த செட் வாங்கலாம்?

கம்பி மன்னன்:

தம்பி, இணையத்தில் மலிவு விற்பனை வரும்போது 108 சாமான் செட் ஒன்றை வாங்கிப் போடு. ஆயுள் உத்தரவாதம் உள்ளதாகப் பார். ஒரே தடவையில் தலைவலி தீர்ந்தது.

பழைய ஃபிட்டர்:

108 என்பது அர்ச்சனைக்கு நல்ல எண். மோட்டாருக்கு எதற்கு?

தம்பி, நான் தோட்டத்துப் பட்டறையில் 31 வருடம் டிராக்டருக்கு அடியில் படுத்தவன். லயத்து வண்டிகளையும் மாலையில் பார்ப்பேன். உன் ஈஎக்ஸ்5-இல் அன்றாடம் கை வைக்கும் போல்ட்டுகளுக்கு 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் போதும். ஸ்பார்க் பிளக்குக்கு ஒரு 16 சாக்கெட் (தலைமேல் கவிழ்த்து மாட்டும் குழல்). பெரிய பெட்டியில் வரும் 9, 11, 13, 15, 18 எல்லாம் நம் ஜப்பான் கப்சாயில் (சின்ன மோட்டார் சைக்கிளில்) பெரும்பாலும் சும்மா கிடக்கும். அவற்றுக்கும் சேர்த்துத்தான் நீ காசு கொடுக்கிறாய்.

உன் பெட்டியில் இருக்கும், ஆயில் போல்ட்டுக்கான 17 சாக்கெட்டை எடுத்து உள்ளே எட்டிப் பார். 12 மூலை இருக்கும் என்று நினைக்கிறேன். அது போல்ட்டின் மூலையைத்தான் பிடிக்கும். இறுகிய போல்ட்டில் பலமாக இழுத்தால், அதுவும் மலிவான சாக்கெட் கொஞ்சம் தளர்வாக இருந்தால், மூலை கரைந்துவிடும். ஆறு முகச் சாக்கெட் போல்ட்டின் பக்கங்களை அணைத்துப் பிடிக்கும். அதனால் சாக்கெட் எது வாங்கினாலும் ஆறு முகம். ஸ்பானரின் வளையத்தில் 12 மூலை இருந்தால் பரவாயில்லை, நல்ல கம்பெனி செய்வதே அப்படித்தான், அளவு கச்சிதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இறுக்கம் விடுவிக்க வளையப் பக்கம், விட்ட பிறகு சுற்றி எடுக்க வாய்ப் பக்கம். இதை மாற்றிச் செய்து கைமுட்டியைப் பெயர்த்துக்கொண்டவர்கள் எங்கள் பட்டறையில் நிறையப் பேர்.

நல்ல எஃகு என்று காட்ட 'குரோம் வனேடியம்' என்று பொறித்திருப்பதை மட்டும் பார்த்து ஏமாறாதே. எழுத்துப் பொறிக்கக் காசா பணமா?

கார்புரேட்டர் திருகாணி விஷயம் வேறு. அது பிலிப்ஸ் இல்லை, ஜப்பான் தரத்துத் திருகாணி, ஜேஐஎஸ் என்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே கூட்டல் குறிதான். ஆனால் பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராது. பலம் கொடுத்தால் மேலே ஏறி வழுக்கும், வழுக்கும்போது பள்ளத்தைக் கடைந்துவிடும். பல ஜப்பான் திருகாணிகளின் தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும், பார். என் பேச்சைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது ஸ்பானரே இல்லை, இரண்டாம் எண் ஜேஐஎஸ் ஸ்குரூ டிரைவர். ஒசாகாவின் வெஸ்ஸல் கம்பெனி செய்வது நன்றாக இருக்கும். அடுத்தது சுத்தியலால் தட்டும் இம்பாக்ட் டிரைவர். தட்டும்போது முனை உள்ளே அழுந்தும், அதே நேரத்தில் திரும்பும். பல வருடம் அசையாத திருகாணிக்கு அதுதான் மருந்து. கார்புரேட்டரில் மட்டும் அதை வைத்து அடித்துவிடாதே, உடைந்துபோகும்.

மிச்சக் காசுக்கு சாக்கெட்டை மாட்டித் திருப்ப 3/8 அங்குல ராட்செட் கைப்பிடி ஒன்று, மேலே சொன்ன சாக்கெட்டுகள், ஒரு ஆலன் கீ செட். தைவான் சாமான் போதும். கிங் டோனி, டாப்டூல் இரண்டும் பட்டறைக்காரர்களே வைத்திருப்பவை. ஜப்பானின் கேடிசி கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது, ஆனால் 250 வெள்ளியில் பாதிதான் வாங்க முடியும்.

ஒன்று கேட்கிறேன். அப்பாவின் டின்னில் உள்ள ஸ்பானர்களில் என்ன எண் போட்டிருக்கிறது?

ராசாத்தி அக்கா:

ஃபிட்டர் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள். கடைக்குப் போகும்போது வண்டியிலிருந்து கழற்றிய போல்ட் ஒன்று, திருகாணி ஒன்று பையில் போட்டுக்கொண்டு போ. சாக்கெட்டை மாட்டி ஆட்டிப் பார். ஸ்குரூ டிரைவர் முனையில் திருகாணியை நிறுத்திக் கிடைமட்டமாகப் பிடி, விழாமல் நின்றால் வாங்கலாம். எங்கள் ஊர் இரும்புக்கடைத் தவுக்கே (முதலாளி) முதலில் முறைத்தார். இப்போது நான் நுழைந்ததும் நல்ல சாமானை உள்ளேயிருந்து அவரே எடுத்து வருகிறார்.

இறுக்கும் பலத்தை அளந்து சொல்லும் டார்க் ரெஞ்ச் பற்றி யாரும் சொல்லவில்லையே? என் யமாஹா ஒய்15 வண்டியில் எஞ்சின் மூடி போல்ட்டைக் கை பலத்தில் இறுக்கி மரையைக் கெடுத்தவள் நான். அலுமினியம் பாவம். மரை கழன்றது வண்டிக்கா எனக்கா என்று வீட்டில் ஒரு வாரம் கேலி.

பழைய ஃபிட்டர்:

நியாயம்தான் அம்மா. 6 மில்லிமீட்டர் மரை போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் கணக்கு, மணிக்கட்டு பலம் போதும், தோள் வேண்டாம். டார்க் ரெஞ்சை அடுத்த போனஸில் வாங்கட்டும். வாங்கினால் கழற்றுவதற்கு அதைத் தொடக்கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வைக்க வேண்டும்.

சிப்புட் பையன் (இரண்டு வாரம் கழித்து):

ஐயா, சாக்கெட் உள்ளே 12 மூலைதான். நீங்கள் சொன்ன ஸ்குரூ டிரைவர், ராட்செட், சாக்கெட் எல்லாம் ஈப்போவில் போய் வாங்கினேன், 232 வெள்ளி. எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, ஆறு முக 17-ஐச் சுத்தியலால் தட்டி உட்கார வைத்து இழுத்தேன், போல்ட் வந்துவிட்டது. புது போல்ட்டும் போட்டாயிற்று. கெட்டுப்போன திருகாணி இரண்டும் கிரிப் பிளையரால் வந்தன.

டின்னில் மூன்று ஸ்பானர்தான். துருவைத் தேய்த்துப் பார்த்தால் 1/2, 11/16, 3/4 என்று இருக்கிறது.

பழைய ஃபிட்டர்:

அதைத்தான் நினைத்தேன். அவை டிராக்டரின் அங்குல ஸ்பானர்கள். 11/16 என்றால் 17.46 மில்லிமீட்டர். உன் 17 போல்ட்டில் சரியாக உட்கார்ந்த மாதிரியே இருக்கும், கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் மூலை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கும். நீ பாதியைத்தான் கெடுத்தாய். அப்பாவைக் குறை சொல்லாதே. அந்தக் காலத்தில் தோட்டத்தில் இரவல் கிடைத்தது அதுதான், கொடுத்தவர்களில் நானும் ஒருவன். 1/2-உம் அப்படித்தான், 12.7 மில்லிமீட்டர், 12 போல்ட்டில் போடாதே. 3/4-ஐ மட்டும் தூக்கிப் போட்டுவிடாதே. 19.05 வரும், 19 நட்டு எங்கே வந்தாலும் தாராளமாகப் போடலாம்.

ஆயில் போல்ட்டுக்கு அடியில் அலுமினிய வாஷர் புதிதுதானே?

சிப்புட் பையன்:

பழையதையே போட்டுவிட்டேன் ஐயா.

பழைய ஃபிட்டர்:

இன்று ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வை. காலையில் பார்த்துவிட்டுச் சொல்.