சனி ராத்திரி கூத்து, ஞாயிறு காலை பந்தி: மழை ஈரத்தில் எதை எப்படிக் காப்பாத்துறது?

அடிவாரத்தான்:
ஏற்காடு அடிவாரத்துல வர்ற சனிக்கிழமை ராத்திரி தெருக்கூத்துங்க. விடிஞ்சதும் 300 பேருக்குச் சாம்பார் சாதம். குடும்பத்துக்கு இவ்வளவுன்னு வாங்குற தலைக்கட்டு வரி போக, வீட்டுக்கு வீடு அரிசியும் தர்றாங்க. ரேஷன் புழுங்கல், பொன்னி, பச்சரிசி எல்லாம் ஒரே மூட்டையில கலந்துருச்சு. சாயங்காலமானா மலை மேல மேகம் கட்டுது. வேஷக்காரர் தோள்ல கட்டுற மர அணி, புஜக்கட்டை, ஒண்ணு விரிசல். ஆர்மோனியத்துல ஒரு கட்டை அமுக்கினா எழும்பல. மத்தளத்துல சுருதி நிக்கல. மைக் கூவுது. எதை முதல்ல பாக்கணும்?

கூத்துப்பட்டறை வாசல்:
புஜக்கட்டைதாங்க முதல்ல. கல்யாண முருங்கை மரம் லேசானது, ஆனா ஈரத்தை நல்லா இழுக்கும். வியாழக்கிழமையே நிழல்ல காயவச்சு, விரிசலுக்குள்ள பெவிகால் விட்டு, பருத்திக் கயிறு சுத்தி இறுக்கி ஒரு நாள் முழுக்க விட்டுருங்க. சனிக்கிழமை மத்தியானம் ஒட்டினா, சுழன்று ஆடுற வேகத்துல பிளந்துரும். கண்ணாடிச் சில்லு உதிர்ந்த இடத்தை விரலால தடவிப் பாருங்க. அந்த விளிம்புதான் ஆடுறவர் கழுத்தைக் கீறுறது.

ஆர்மோனியக் கட்டை ஈரத்துல உப்பிப் பக்கத்துக் கட்டையை உரசுது. உப்புக்காகிதம் போட்டுத் தேய்ச்சுடாதீங்க, வெயில் காலத்துல இடைவெளி விழுந்து லொடலொடங்கும். மூடியைத் திறந்து உலர்ந்த அறையில ரெண்டு நாள் வச்சாலே பெரும்பாலும் எழும்பிரும். எழும்பலைன்னா ஸ்பிரிங்கைப் பாருங்க.

மத்தளத்தை நெருப்புக்கிட்டக் காட்டவே கூடாது. தோல் நடுவுல இருக்கிற கறுப்புப் பூச்சு, கரணை, வெடிச்சு உதிர்ந்துரும். போர்வை சுத்தி வச்சு, கூத்துக்கு அரை மணி நேரம் முன்னால எடுத்து, விளிம்புப் பின்னலை எதிரெதிர்ப் பக்கமா மேலிருந்து கல்லால தட்டி ஏத்துங்க.

மைக்செட்:
ஸ்பீக்கர் பாட்டுக்காரருக்குப் பின்னால இருக்கா? அந்தச் சத்தமே திரும்ப மைக்குக்குள்ள போய்க் கூவுது. கூத்து ஆடுற களரிக்கு 2 மீட்டர் முன்னால தள்ளி, சனத்தைப் பார்த்துத் திருப்பி வைங்க. மைக் வாயிலிருந்து ஒரு சாண். ஒயர் ஜாயிண்ட் எதுவும் தரையில கிடக்கக் கூடாது, மூங்கில்ல ஆள் உயரத்துக்குக் கட்டுங்க. போர்டுல கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாம ஈர மண்ணுல லைட் போடவே வேண்டாம். சேறானா பாலிதீன் விரிக்காதீங்க, சலங்கைக் காலு வழுக்கும். ஆத்து மணல் மெல்லிசா தூவினா போதும்.

பந்திக்காரர்:
கலந்த அரிசியைச் சோறாக்கினா பச்சரிசி குழைஞ்சு, புழுங்கல் வேகாம விறைப்பா நிக்கும். அதை ஒரு மணி நேரம் ஊறவச்சு, ஆடுறவங்களுக்கும் கண்ணு முழிக்கிறவங்களுக்கும் நடுராத்திரிக் கஞ்சியாக்குங்க. கஞ்சியில பச்சரிசி கரையறது குறையே இல்லை. இனி வர்றதுக்கு மூணு மூட்டை தனித்தனியா வைங்க.

300 பேருக்குப் பொன்னி 30 கிலோ, துவரம்பருப்பு 10 கிலோ, புளி ஒன்றரைக் கிலோ. ஒரே அண்டாவுல போட்டா அடி பிடிக்கும், ரெண்டாப் பிரிச்சுருங்க. பருப்பு முழுசா மசிஞ்ச பிறகுதான் புளி ஊத்தணும், முந்தினா பருப்பு வேகாம நின்னுரும். மீறி அடி பிடிச்சா கிளறவே கிளறாதீங்க, மேல்சோத்தை மட்டும் வேற பாத்திரத்துக்கு மாத்துங்க.

அரிசி எல்லாரும் தருவாங்க. பருப்பு, வாழை இலை, விறகுதான் கடைசியில இடிக்கும். இன்னும் தர நினைக்கிறவங்ககிட்ட அதையே கேளுங்க. பருப்பை மொத்தமா வாங்கணும்னா சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜார்.

கூத்துப்பட்டறை வாசல்:
தந்தவங்க பேரை எழுதி, கூத்தை நடத்திச் சிரிக்க வைக்கிற கட்டியங்காரன் கையில குடுத்துருங்க, ஒரு வேஷம் போய் அடுத்தது திரைக்கு வர்ற இடைவெளியில அவரே சொல்லிருவார். பாஞ்சாலி துகில் உரியுற கூத்துன்னா, அந்த இடத்துல மட்டும் யாரும் மைக்கை வாங்கக் கூடாது.